டென்மார்க்குக்கு நேர்ந்துகொண்ட முடி

திருப்பதியில் சொந்த வீடு கட்டியவர்களைப் பார்த்து, "உனக்கென்ன, பெருமாள் காலடியிலேயே இருக்கற" என்பார்கள். அந்தக் காலடியில் எத்தனை பேர் செருப்பைக் கழற்றி விட்டுப் போகிறார்கள் என்பது அங்கே குடியிருப்பவர்களுக்குத்தான் தெரியும்.

எங்கள் வீட்டில் மாதத்தில் பாதி நாள் விருந்தாளிகள் இருப்பார்கள். நகரியிலிருந்து வருவார்கள், பிச்சாட்டூரிலிருந்து வருவார்கள், என் கணவரின் ஆபீஸ் நண்பருடைய மச்சான் குடும்பம் என்று சொல்லிக்கொண்டும் வருவார்கள். விடியற்காலை ரயிலில் இறங்கி, குளித்து, இட்லி சாப்பிட்டு மலையேறுவார்கள். மறுநாள் மொட்டைத் தலையும் லட்டுப் பையுமாக இறங்கி வந்து, சாப்பிட்டு, ஒரு தூக்கம் போட்டுவிட்டு, சாயங்கால பஸ்ஸுக்குக் கிளம்புவார்கள். போகும்போது என் கையில் ஒரு லட்டை வைத்து, பிரசாதம் என்பார்கள். இருபத்தாறு வருஷமாகக் கொடுக்கிறார்கள். இப்போதெல்லாம் எனக்கு அந்த வாசனையே ஆவதில்லை.

அவர்களுக்கு தரிசன டிக்கெட் எடுத்துக் கொடுப்பதும் நான்தான். மூன்று மாதம் முன்னாலேயே ஆன்லைனில் திறப்பார்கள். கொஞ்ச நேரத்தில் தீர்ந்துவிடும். லேப்டாப்பில் ஒரு கை, போனில் ஒரு கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். சொந்தக்காரர்கள் அத்தனை பேருடைய ஆதார் நகலும் என்னிடம் இருக்கிறது. எந்தப் பெரியம்மா எத்தனை வயதைக் குறைத்துச் சொல்கிறாள் என்பது எனக்கு மனப்பாடம்.

கல்யாணமாகி வந்ததிலிருந்து இந்த வீட்டைப் பூட்டிய ஞாபகமே எனக்கு இல்லை. மூன்று நாளுக்கு மேல் நான் வெளியூரில் தங்கியதும் இல்லை. பிரசவத்துக்கு சித்தூரில் அம்மா வீட்டுக்குப் போனதை இதில் சேர்க்கவில்லை. அதுவும் வேலைதானே.

சித்தூரில் என்னோடு பத்தாவது வரை ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்த ஒருத்தி டென்மார்க்கில் இருக்கிறாள். பழைய மிஷன் சபையைச் சேர்ந்த குடும்பம். நர்சிங் படித்துவிட்டு எங்கெங்கோ வேலை பார்த்து, கடைசியில் அந்த நாட்டில் ஒரு சின்ன ஊரில், முதியோர் இல்லத்தில் வேலைக்குச் சேர்ந்து, அங்கேயே தங்கிவிட்டாள். "பிரிக்கறதுக்கு முன்னால இருந்த நம்ம சித்தூர் ஜில்லா மாதிரி மூணு சேத்து ஒட்டினா எங்க நாடு, அவ்ளோதான்" என்பாள். என் வாழ்க்கையில் என்னைப் பற்றி என்னிடமே கேட்டுப் பேசுகிற ஆள் அவள் ஒருத்திதான்.

நாலு தடவை என்னைக் கூப்பிட்டாள். நாலு தடவையும், "இந்த மாசம் ஆளுங்க வராங்கடி" என்றேன். இந்த வருஷம் உகாதி கழித்துப் பேசும்போது அவள் சொன்னாள்: "இனிமே நான் கூப்பிட மாட்டேன். கதவு தொறந்துதான் இருக்கும், எப்ப வேணா வா. ஆனா கேட்டு கேட்டு எனக்கே வெக்கமா கீது. நிறுத்திக்கறேன்."

கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்கு நானும் கத்தியிருப்பேன். அவள் நிதானமாக, நோயாளிக்கு மாத்திரை வேளை சொல்வதுபோலச் சொன்னாள். இவளையும் விட்டுவிட்டால் எனக்கென்று ஒரு ஆள் கிடையாது. பத்து நாள் சமையலில் உப்பு முன்னே பின்னே ஆகி, பதினோராம் நாள் அவளுக்குப் போன் செய்து, "ஜூன்ல வரேன்" என்றேன்.

வீட்டில் சொன்னது மறுநாள் காலை டிபன் நேரத்தில். எதிரில் என் கணவர், பக்கத்தில் அவருடைய அக்கா. அக்காவுக்கு அறுபத்தெட்டு வயது. பிச்சாட்டூரில் வாழ்ந்தவர். அவருடைய கணவர் தவறிய பிறகு ஆறு வருஷமாக எங்களோடு இருக்கிறார். தெலுங்கு ஊர் வழக்கப்படி அவரை நான் வதினா என்றுதான் கூப்பிடுவேன்.

முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு சண்டைக்குத் தயாராக நின்றேன். என் கணவர் சட்னியைத் தொட்டுக்கொண்டே, "போய்ட்டு வாயேன். பன்னெண்டு நாள்தானே" என்றார். 

வதினா மட்டும், "எத்தினி பேர் போறீங்கோ?" என்று கேட்டார்.

"நான் மட்டும்தான் வதினா."

அவர் கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தார். "நீ மட்டுமா?" என்றார்.

சாயங்காலத்துக்குள் எல்லாச் சொந்தத்துக்கும் விஷயம் போய்ச் சேர்ந்துவிட்டது. யாரும் போகாதே என்று சொல்லவில்லை. அதுதான் எனக்கு வந்த வினை. போகாதே என்றால் எதிர்த்து நிற்கலாம். போய்ட்டு வா என்று சொல்லிவிட்டு, எப்போது போவது என்பதை அவர்களே எடுத்துக்கொண்டார்கள். ஜூன் முதல் வாரம் வதினாவின் பேரனுக்கு மொட்டை. சரி, இரண்டாவது வாரம் என்றேன். இரண்டாவது வாரம் நகரியிலிருந்து ஒரு கூட்டம் வருவதாக டிக்கெட் எடுத்திருந்தது. எடுத்துக் கொடுத்ததே நான்தான். கடைசியில் பதினாறாம் தேதி கிளம்பி இருபத்தெட்டாம் தேதி திரும்புவது என்று எனக்கு அறிவித்தார்கள். என் பயணத்தைப் பற்றி என்னைத் தவிர எல்லாரும் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் அவர்களுக்குக் காபி போட்டுக்கொண்டிருந்தேன்.

அடுத்தது விசா. என் சினேகிதி வீடியோவில் வந்து என்னென்ன காகிதம் வேண்டும் என்று சொன்னாள். அவள் அழைப்புக் கடிதம் அனுப்புவாள். அதோடு என் தரப்பில் ஒரு கடிதம் வேண்டும்.

"நீ போன வேகத்துல திரும்பி வந்துருவன்னு அவங்களுக்கு நம்பிக்கை வரணும். உன்ன அங்க எதெல்லாம் புடிச்சி வச்சிக்கினு கீதோ அத்தனையும் எழுது. ஒண்ணு விடாத."

இதைக் கேட்டதும் என் கணவருக்கு வந்த உற்சாகத்தை நான் கல்யாண மேடையில்கூடப் பார்த்ததில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்து சொல்லச் சொல்ல நான் டைப் அடித்தேன். சொந்த வீடு. சர்க்கரை வியாதி உள்ள கணவர், ரிடையர் ஆக இன்னும் ஒரு வருஷம். என் பராமரிப்பில் இருக்கும் அவருடைய வயதான அக்கா. பெங்களூரில் வேலை பார்க்கும் மகன், பெண் பார்த்துக்கொண்டிருக்கிறோம். வதினா சமையலறையிலிருந்து குரல் கொடுத்தார்: "ஜூலைல எங்க சின்ன மாமனார் வீட்டுல பதினாலு பேர் வராங்கன்னு போடு. டிக்கெட் காப்பியையும் சேத்து வெய்யி. இவ இல்லன்னா அவங்க எங்க போவாங்க?" 

அதையும் சேர்த்தோம். ஆகஸ்ட் டிக்கெட்டுகளையும் சேர்த்தோம்.

ஒன்றரைப் பக்கம் வந்தது. படித்துப் பார்த்தேன். இத்தனை வருஷம் குழாயடியில் பாத்திரம் தேய்க்கும்போது வாய்க்குள்ளேயே முனகினது ஒவ்வொன்றும் அதில் வரிசையாக, நல்ல இங்கிலீஷில், பெருமையோடு நின்றது. நான் எவ்வளவு கட்டுண்டு கிடக்கிறேனோ அவ்வளவுக்கு விசா நிச்சயம் என்றார் கணவர். கீழே கையெழுத்துப் போட்டேன்.

சென்னையில் விசா மையத்தில் கவுண்டரில் இருந்த பெண் ஒவ்வொரு தாளாகப் புரட்டிக்கொண்டே வந்து தரிசன டிக்கெட்டில் நிறுத்தினாள். எதற்கு இது என்று கேட்கப் போகிறாள் என நினைத்தேன். 

"மேடம், திருப்பதியா? ஜூலைல எங்கம்மாவுக்கு ஒரு டிக்கெட் கிடைக்குமா?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டாள். 

கைரேகை வைக்க வந்த இடத்திலும் விதி விடவில்லை. பார்க்கிறேன் என்று சொல்லி அவள் அம்மாவின் பெயரை எழுதிக்கொண்டு வந்தேன்.

மூன்று வாரம் கழித்துக் கூரியரில் பாஸ்போர்ட் வந்தது. உள்ளே விசா ஒட்டியிருந்தது. நான் குளியலறைக்குப் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து சிரித்தேன். ஐம்பத்தோரு வயதில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். பன்னிரண்டு நாள் எனக்கு யாரும் காபி கேட்க மாட்டார்கள். 

வெளியே வந்தபோது வதினா சாமி படத்துக்கு முன்னால் கற்பூரம் ஏற்றிக்கொண்டிருந்தார்.

"சாமி கண்ண தொறந்துட்டாரு. வர சனிக்கெழம மலைக்குப் போயி முடிய குடுத்துட்டு வந்துரலாம்."

"யாரு முடிய வதினா?"

"உன்னுதுதான். விசா வந்தா உன் முடிய குடுக்கறேன்னு நேந்துக்கினேன்."

கடைத் தேங்காயை எடுத்து வழிப் பிள்ளையாருக்கு உடைத்த கதையாக இருந்தது. என் தலை, என் முடி, என் பயணம். நேர்ந்துகொண்டது மட்டும் அவர். எங்கள் பக்கத்தில் இப்படி நேர்ந்துகொள்வது வழக்கம்தான். பிள்ளைக்கு அம்மா நேர்வாள், தம்பிக்கு அக்கா நேர்வாள். நேர்ந்துகொண்டவர் யாராக இருந்தாலும், தலையைக் கொடுக்க வேண்டியவர் கொடுத்தே ஆக வேண்டும்.

"என்ன ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே?"

"சாமிகிட்ட வேண்டறதுக்கு உன்கிட்ட பர்மிசன் வாங்கணுமா?"

பெண்கள் முழு மொட்டை போட மனமில்லை என்றால் மூன்று கத்தரி கொடுப்பதும் உண்டு. நுனியில் மூன்று வெட்டு, அத்தோடு சரி. நான் அதைச் சொன்னேன். "முழு முடின்னு சொல்லிட்டேன். சாமிகிட்டப் போயி பேரம் பேசுவியா?" என்றார். கணவரைப் பார்த்தேன். அவர் பேப்பரைக் கொஞ்சம் உயர்த்திப் பிடித்துக்கொண்டார். "சாமி விஷயம். நான் இன்னா சொல்றது?" என்ற குரல் பேப்பருக்குப் பின்னாலிருந்து வந்தது.

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பார்கள். எங்கள் வீட்டில் அந்தப் பூசாரிக்கு மூன்று வேளையும் நான்தான் சமைத்துப் போடுகிறேன்.

எனக்கு பக்தி இல்லாமல் இல்லை. பெருமாள் மேல் வருத்தமும் இல்லை, அவர் என் முடியைக் கேட்டிருக்க மாட்டார் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். பாஸ்போர்ட்டில் முடியோடு இருக்கிறேன், விசாவில் முடியோடு இருக்கிறேன், மொட்டையாகப் போய் நின்றால் எத்தனை இடத்தில் நிறுத்திக் கேட்பார்களோ. என் சினேகிதியின் ஊரில் மொட்டைத் தலையோடு ஒரு பெண் வந்தால் என்ன வியாதி என்றுதான் பார்ப்பார்கள். பன்னிரண்டு நாளும் அந்தப் பார்வையைச் சுமக்க வேண்டும். இப்படியெல்லாம் காரணம் அடுக்கினேன். உண்மையான காரணம் ஒன்றுதான். எனக்கு என் முடி பிடிக்கும். அதைச் சொன்னால் இந்த வயதில் இவளுக்கு வந்த ஆசையைப் பார் என்பார்கள்.

கொடுக்காமல் போனால் அதைவிட மோசம். நான் அங்கே இருக்கும்போது இவருக்குச் சர்க்கரை ஏறினால் என் முடி காரணம். பையனுக்கு வந்த வரன் தட்டிப்போனால் என் முடி காரணம். வாசலில் பால்காரர் வழுக்கி விழுந்தாலும் நான் தப்ப முடியாது. ஆயுசுக்கும் சொல்லிக்காட்டுவார்கள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் துணி மடித்துக்கொண்டிருந்தபோது எனக்கு ஒரு வழி தோன்றியது. போகாமலே இருந்துவிட்டால்? பயணமே இல்லை என்றால் முடி எதற்கு? தோன்றியதும் உடம்பெல்லாம் லேசாக ஆனது. நான் எதிர்பார்க்காத அளவுக்கு நிம்மதியாக இருந்தது. தனியாக விமானம் ஏற வேண்டாம், நடுவில் ஒரு ஊரில் இறங்கி வேறு விமானம் தேட வேண்டாம், முப்பது வருஷத்துக்குப் பிறகு அவள் முன்னால் போய் நின்று என்ன பேசுவது என்று திணற வேண்டாம். அந்த நிம்மதியைப் பார்த்து எனக்கே பயமாக இருந்தது. நாலு தடவை நான் அவளிடம் சொன்ன விருந்தாளிகளில் எத்தனை பேர் உண்மையாக வந்தார்கள் என்று யோசித்தேன். பிறகு யோசிப்பதை நிறுத்திவிட்டுத் துணியை மடித்தேன்.

சொல்ல வேண்டியதை அன்றே சொல்லியிருக்கலாம். என் வாய் எப்போதும் கடைசி நிமிஷத்தில்தான் திறக்கும். சனிக்கிழமை காலையில் மூன்று பேரும் பஸ்ஸில் மலையேறினோம். வதினா வளைவுக்கு வளைவு கோவிந்தா போட்டார். நான் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தேன்.

முடி கொடுக்கும் மண்டபம் எப்போதும்போல் ஈரமாக இருந்தது. தரையெல்லாம் தண்ணீர், ஓரத்தில் முடிக் குவியல், குழந்தைகள் அலறும் சத்தம். கணவர் ஆண்கள் பக்கம் வெளியே நின்றுவிட்டார். என் கையில் டோக்கனும் பிளேடும் கொடுத்தார்கள். பெண்களுக்கு மழிப்பவர்களும் பெண்கள்தான். எனக்கு வந்த அம்மாள் தண்ணீர்க் கிண்ணத்தை நகர்த்தி வைத்துவிட்டு, "த்வரகா ரண்டம்மா" என்று தெலுங்கில் அவசரப்படுத்தினார். நான் நின்ற இடத்திலேயே நின்றேன்.

"நான் போகல வதினா."

"எங்க போகல? ஒக்காரு."

"டென்மார்க்குக்கே போகல. டிக்கெட்ட கேன்சல் பண்ணிடறேன். எனக்கு முடி குடுக்க மனசில்ல. ஊரும் வேணாம், மொட்டையும் வேணாம். போதும்." 

வரிசையில் நின்ற பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். இருபத்தாறு வருஷத்தில் வதினாவுக்கு எதிரில் நான் அழுதது அதுதான் முதல் தடவை.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். என் கையிலிருந்த டோக்கனையும் பிளேடையும் பிடுங்கி அந்த அம்மாளிடம் கொடுத்துவிட்டு, புடவையை ஒதுக்கிக்கொண்டு என் இடத்தில் உட்கார்ந்தார். கொண்டையை அவிழ்த்தார். "சொன்ன வாய் என்னுது. முடியும் என்னுதா இருந்துட்டு போவட்டும்" என்றார்.

அவருக்கு அந்த வயதிலும் இடுப்பு வரைக்கும் முடி. தன் கணவர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோதுகூட அவர் மூன்று கத்தரிதான் நேர்ந்துகொண்டார். என்னிடம் அவரே சொல்லியிருக்கிறார். அந்த அம்மாள் தண்ணீரைத் தெளித்துத் தேய்த்தார். உச்சியிலிருந்து பிளேடு இறங்கியது. முடி மடியில் விழுந்தது, பிறகு தரையில் விழுந்தது. நான் தடுத்திருக்கலாம். ஒரு எட்டு எடுத்து வைத்து, எழுந்திருங்க வதினா என்று தோளைத் தொட்டிருந்தால் போதும். நான் தொடவில்லை. நல்லவேளை என்று என் மனசுக்குள் ஒரு குரல் சொன்னது. அந்தக் குரலை நான் மறக்க மாட்டேன்.

குளித்து, சந்தனம் பூசிக்கொண்டு வெளியே வந்தார். தலை சிறுத்து, காது பெரிதாகி, யாரோ ஒரு சின்னப் பெண்போல இருந்தார். கணவர் எங்கள் இருவரையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு டீ வாங்கப் போனார்.

"ஏம்மே, உன் முடிய எதுக்கு நேந்துக்கினேன்னு தெரியுமா?" என்றார் வதினா, என் முகத்தைப் பார்க்காமல்.

"விசா வரணும்னு."

"விசா வந்தா வருது, போனா போவுது. மொட்டத் தலையோட போனா அந்த ஊர்ல உனக்கு இருப்பு கொள்ளாது, எப்படா வூட்டுக்கு வரலாம்னு ஓடி வந்துருவன்னு நெனச்சேன். அவ உனுக்கு அவ்ளோ சினேகிதம். அவ வூட்டுல தனி ரூம் கீதுன்றா. நீ அங்கியே இருந்துட்டா நான் யாரோட இருப்பேன்? என் பசங்க எனுக்கு போன் பண்ணி எத்தினி மாசம் ஆச்சி தெரியுமா?"

கோபப்பட வேண்டிய இடம் என்று தெரிந்தது. கோபமும் வந்தது. ஆனால் அவர் முந்தானையை எடுத்து அவர் தலையில் போட்டுவிட்டேன். வெயில் சுளீரென்று அடித்துக்கொண்டிருந்தது.

"இப்ப நீ போய்த்தான் ஆவணும்" என்றார். "போவலன்னா என் முடிய சாமி சும்மா வாங்கிக்கினா மாரி ஆயிரும்."

வாழ்க்கையில் எனக்கென்று ஆசைப்பட்டுத் தேடிக்கொண்ட ஒரே பயணம். அதுவும் அந்த வாக்கியத்தோடு வீட்டு வேலைகளில் ஒன்றாகிவிட்டது. இனி பயந்து ஒளிந்துகொள்ளவும் எனக்கு இடமில்லை.

வீட்டுக்கு வந்ததும் சினேகிதிக்குப் போன் செய்து நடந்ததையெல்லாம் சொன்னேன். அவள் முதலில் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். உனக்கு வரணும்னு ஆசையா இருக்குதா, இல்லியா?"

"ஆசையெல்லாம் இப்ப கேக்காதடி. நான் வரலைன்னா இவங்களுக்கு முடி வளர்ற வரைக்கும் இந்த வீட்டுல என்னால தல நிமிர முடியாது."

கூடத்தில் மின்விசிறிக்குக் கீழே வதினா உள்ளங்கையால் தலையைத் தடவியபடி உட்கார்ந்திருந்தார். நான் பேசுவதை அவர் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று அந்தக் கை நின்றபோதுதான் தெரிந்தது.

"எந்தத் தேதி திரும்பி வரன்னு அவகிட்ட சொல்லு" என்றார். "நான் காதால கேக்கணும்."

"இருபத்தெட்டாம் தேதி காலையில மெட்ராஸ்ல இறங்கிடுவேன்" என்று போனில் சொன்னேன்.

"சத்தமா சொல்லு."

சத்தமாகச் சொன்னேன்.